புறாக்களுக்கு வீடு பார்த்த கானாங்கோழி

காட்டோரத்துக் குளத்தில், கோரைப் புதருக்குள், சிலம்பாயி என்றொரு கானாங்கோழி குடியிருந்தாள். வெள்ளை நெஞ்சு, கறுத்த முதுகு, வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டே நடக்கும் நடை. மூக்குக்கு மேல் கோபம். அவள் வாயைத் திறந்தால் அக்கரையில் தூங்கும் ஆமைகூட விழித்துக்கொள்ளும். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று கொக்குகள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலையில் அந்தக் கரைக்கு ஒரு மனிதன் வந்தான். சைக்கிளிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கி மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து ஐந்து வளர்ப்புப் புறாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விட்டான்.

"புது வீட்டுல உங்களை வச்சுக்க விடமாட்டேங்கறாங்க. போங்க, இனிமே உங்களுக்குச் சுதந்திரம்" என்றான்.

சொல்லிவிட்டுக் கூடையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சுதந்திரம் கொடுத்த அந்தப் புண்ணியவான் ஒன்றை மறந்துவிட்டான். பறந்து போய்விடக் கூடாதென்று அவனேதான் கத்தரிக்கோலால் அந்தப் புறாக்களின் இறகுகளை வெட்டி வைத்திருந்தான். வெட்டிய இறகு உடனே வளர்ந்துவிடாது. பழைய இறகு தானாக உதிர்ந்து, புதிது முளைக்கும் பருவம் வரவேண்டும். அதுவரை அவை நடக்கலாம், ஒரு முழம் எகிறிக் குதிக்கலாம். அவ்வளவுதான்.

சிலம்பாயி கோரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஐந்தும் மனிதன் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றன. வெயில் ஏறியது. காற்று அடித்தது. கரையிலிருந்த வாகை மரத்தில் காய்ந்த நெற்றுகள் சலசலத்தன. உடனே ஐந்தும் தலையைத் தூக்கின. குடுகுடுவென்று மரத்தடிக்கு ஓடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன.

எதற்கு இந்த ஓட்டம் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதன் தினமும் தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்குவானாம். சத்தம் கேட்டால் சாப்பாடு. முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அதுதான் வழக்கம். சலசலவென்று கேட்டால் ஓடிப்போய் நிற்கவேண்டும் என்பதைத் தவிர உலகத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு வேறெதுவும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

வாகை மரம் சோளம் போடவில்லை. வல்லூறுதான் வந்தது. ஒரே பாய்ச்சல். ஐந்து, நான்காயிற்று. ஐந்தாவது புறாவின் பெயரைக் கேட்கக்கூட நேரமில்லாமல் போயிற்று.

சிலம்பாயி கத்திய கத்தலில் குளமே அதிர்ந்தது. கத்திக்கொண்டே ஓடி, மிச்சமிருந்த நாலு பேரையும் கொத்தியும் தள்ளியும் கோரைக்குள் விரட்டினாள். உள்ளே வந்தபிறகும் திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டித் தீர்ந்தபிறகுதான் பெயர் கேட்டாள்.

விசிறியாக விரிந்த வாலோடு, வெள்ளை வெளேரென்று இருந்தவள் பட்டு. வானத்தில் குட்டிக்கரணம் போடும் ஜாதியில் பிறந்து, இப்போது தரையில் தடுக்கி விழுந்துகொண்டிருந்த வாலிபன் சுண்டு. சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டே நின்ற ஜோடி, துரையும் அல்லியும். பெயர்தான் துரையே தவிர ஆள் பரமசாது. பேச்செல்லாம் அல்லிதான். அவன் எப்போதும் அவளுக்கு அரையடி பின்னால் நிற்பான்.

"அடுத்தது எங்கள்ல யாரு, அக்கா?" என்று அல்லி கேட்டாள். அழவில்லை. நேரம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

சிலம்பாயி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அடுத்தது யாரும் இல்லடி. நான் உசுரோட இருக்கற வரைக்கும் இல்ல" என்றாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். கோரைக்குள் தரையெல்லாம் ஈரம். கானாங்கோழிக்கு அது மெத்தை, புறாவுக்கு அது சளி. புறாவுக்குக் காய்ந்த பொந்து வேண்டும், மேலே கூரை வேண்டும். மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் குளத்துத் தண்ணீர் கோரைக்குள் ஏறிவிடும். சிலம்பாயி நீந்திவிடுவாள். இந்த நாலு பேரும்? ஆகவே இறகு முளைக்கும் வரையிலாவது இவர்களை வைத்துக்கொள்ள வீடு தேடவேண்டும் என்று கிளம்பினாள்.

முதலில் நெட்டையாரிடம் போனாள். நெட்டையார் ஒரு நாரை. குளத்துக்குத் தலைவர். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கண்ணை மூடியபடியே தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புக்குப் பிறகு கண்ணைத் திறந்தால் எதிரில் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவருக்குப் பிடிக்கும்.

கூண்டில் வளர்ந்தது காட்டுக்கு ஆகாது, அது இயற்கையின் விதி என்று அவர் சொன்னார்.

"விதின்னு வல்லூறு சொல்லலாம்யா, அதுக்கு அது சாப்பாடு. நீங்க ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள் சிலம்பாயி.

நெட்டையார் இன்னொரு காலுக்கு மாறினார். மழையோடு வெளிதேசத்து விருந்தாளிப் பறவைகள் வரப்போவதையும், கரையில் இப்படி நொண்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் குளத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். மழை விழுவதற்குள் புறாக்களுக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடப்பதற்கெல்லாம் அவள்தான் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். சிலம்பாயி வாலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மயில் பட்டுவின் வாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வீட்டில் இடம் போதாது என்றது. இத்தனை பெரிய காட்டில் அதற்கு இடம் போதவில்லையாம்! ஆந்தைத் தம்பதி மட்டும் உண்மையைச் சொன்னார்கள். பசி வந்தால் எங்களையே எங்களால் நம்ப முடியாதம்மா, கூட்டிவராதே என்றார்கள். சிலம்பாயி அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். அவ்வளவு நாணயமான பதில் அவளுக்கு அன்றைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரி என்று ஒருவர் சொன்னவுடன் புறாவைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். முதலில் தான் போய் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குவாள். மூலை முடுக்கெல்லாம் காலால் கிளறிப் பார்ப்பாள். இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தது, இப்போது அவர்கள் எங்கே, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று துருவித் துருவிக் கேட்பாள். பெண் பார்க்க வந்தவள்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டாள் என்று அணில்கள் கேலி செய்தன. இடமும் கேட்டுவிட்டு அதிகாரமும் பண்ணுகிறாளே என்று கொக்குகள் முணுமுணுத்தன.

"இடம் கேட்கறது அவங்களுக்காக. கேள்வி கேட்கறதும் அவங்களுக்காகத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மைனாக் குடும்பம் சுண்டுவை ஏற்றுக்கொண்டது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலேயே இருந்த பனைமரப் பொந்தில் எப்போதும் சந்தைக்கடை இரைச்சல். சிலம்பாயி அங்கே ஒரு ராத்திரி தங்கியதில் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. ஆனால் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மைனாக்காரி ஆசையாகப் புழு கொண்டுவந்து கொடுத்தாள், சுண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். பிறகு அவன் அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்ததும் குஞ்சுகளெல்லாம் கூடிவிட்டன. தண்ணீர் குடிக்கிற வித்தைக்காகவே அவனை வைத்துக்கொண்டார்கள்.

பட்டுவை வேலப்பன் ஏற்றுக்கொண்டான். வேலப்பன் ஒரு முள்ளம்பன்றி, தனிக்கட்டை. பாறைக்கு அடியில் உலர்ந்த குகை. கிழங்கைத் தவிர எதையும் தொடமாட்டான். அவன் வாசலில் நரிகூட மரியாதையாக ஒதுங்கித்தான் நடக்கும். தன்னிடம் யாரும் ஒட்டிப் பழக முடியாதே என்பதுதான் அவன் கவலை. எனக்கும் வால் கசங்கினால் பிடிக்காது, தள்ளியே உட்காருங்க என்று பட்டு சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

மிச்சம் துரையும் அல்லியும். இங்கேதான் சிக்கல். கேட்ட இடத்திலெல்லாம் ஒன்றைக் கொடு என்றார்களே தவிர, இரண்டையும் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை. புறா ஜோடி சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஒன்றைப் பிரித்தால் மற்றது இரை எடுக்காமல் உட்கார்ந்துவிடும். மரங்கொத்தி, கிளி, பச்சைப்புறா என்று எல்லா வாசலிலும் சிலம்பாயி இதையே சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். ஐயோ பாவத்தில் ஒரு பொந்துகூட இல்லை.

மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் சாந்தமூர்த்தி வந்தான்.

சாந்தமூர்த்தி ஒரு மரநாய். பழமும் தின்னும், பறவைக் குஞ்சும் தின்னும் சாதி. ஆனால் தான் மாறிவிட்டதாகவும், இப்போதெல்லாம் பழம் மட்டும்தான் என்றும் அவன் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பேச்சில் அப்படியொரு தன்மை. குளக்கரையிலேயே பெரிய பொந்து அவனுடையதுதான். சாய்ந்து வளர்ந்த கிழட்டு இலுப்பை மரத்தில், பறக்கத் தெரியாதவர்கள்கூட நடந்தே ஏறிவிடலாம் என்ற உயரத்தில் இருந்தது.

அவன் நேரே குளத்தார் எல்லோரும் கூடும் சபைக்கு வந்து, நெட்டையார் காலடியில் ஒரு நாவல் பழத்தை வைத்துவிட்டுப் பேசினான்.

"ரெண்டு இல்லீங்கய்யா, நாலையும் நான் வச்சுக்கறேன். ஒண்ணா வளர்ந்த பிள்ளைங்களை எதுக்குப் பிரிக்கணும்? எனக்கும் வீடு வெறிச்சுன்னு இருக்கு."

சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நெட்டையாருக்கு ஒரே சந்தோஷம். ஒரே நாளில், ஒரே இடத்தில், விருந்தாளிகள் வருவதற்குள் காரியம் முடிந்தது. சாந்தமூர்த்தியைப் போன்ற பெரிய மனசுக்காரர்கள் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்றுகூடச் சொன்னார்.

கோரைக்குத் திரும்பியதும் அல்லி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்னு சொல்றாரேக்கா" என்றாள்.

இதுதான் சிலம்பாயிக்கு வலித்தது. இவ்வளவு நாள் அலைந்தும் அவளால் கொடுக்க முடியாததை ஒருவன் ஒரு நாவல் பழத்தோடு வந்து கொடுக்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? மாறியும் இருக்கலாம். மாறுகிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

இலுப்பை மரத்துக்குப் போனாள். சாந்தமூர்த்தி பொந்து வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்திருந்தான். வாயெல்லாம் சிரிப்பு. வா தாயி, வா தாயி என்றான். வா என்று சொன்னது வாய்தான், உடம்பு நகரவில்லை.

உள்ளே பார்க்கவேண்டும் என்றாள். இன்னும் பெருக்கவில்லை என்றான். இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தது என்றாள். குக்குறுவான் குடும்பம், பச்சைப் பறவைங்க, நல்ல மனுஷங்க என்றான். அவர்கள் இப்போது எங்கே என்றாள்.

"வெளியூர்" என்றான் சாந்தமூர்த்தி.

"எந்த ஊர்?"

சிரிப்பு ஒரு நொடி நின்று, மறுபடி வந்தது. "தூரம் தாயி. பேர் மறந்துபோச்சு."

சரி, ராத்திரி வந்து தங்கிப் பார்க்கிறேன், எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சிலம்பாயி சொன்னாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். ஒரு பொம்பளை தனியாக வந்து தன் வீட்டில் தங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டான். நாலு பேர் பேசுவது எனக்குப் பழக்கம்தான் என்றாள் அவள். அப்போதும் அவன் வாசலை விட்டு நகரவில்லை.

அன்றைக்கே சபையில் போய், புறாக்களைக் கொடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

எல்லோரும் கொதித்துவிட்டார்கள். கிடைத்த வீட்டை வேண்டாம் என்கிறாளே, யாருக்கும் கொடுக்காமல் தானே நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். மயில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது. நெட்டையார் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். நாளைக் காலையில் நாலு புறாக்களும் இலுப்பை மரத்துக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் அவற்றோடு சேர்ந்து சிலம்பாயியும் குளத்தை விட்டுப் போயாக வேண்டும்.

"அவன் என்ன கெடுதல் பண்ணினான்? ஒரு சாட்சி உண்டா உங்கிட்ட?" என்றும் கேட்டார்.

"சாட்சி இல்லய்யா. அவன் கதவைத் திறக்கலை, எனக்கு அது போதும். நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் வந்து நில்லுங்க. நான் கொடுக்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன்."

சிலம்பாயி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். நடை கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் குளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு இந்தக் குளத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

பொழுது சாய்ந்தது. மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். சிலம்பாயி தண்ணீரோரம் இரை தேடிக்கொண்டிருந்தாள். அப்போது வாகை மரத்தடியில் நெற்றுகள் சலசலவென்று ஒலித்தன.

கோரைக்குள் துரையும் அல்லியும் தலையைத் தூக்கினார்கள். போகக் கூடாது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். சொன்னது மூளையில் இருந்தது, சத்தம் காலுக்குப் போயிற்று. இரண்டு பேரும் குடுகுடுவென்று ஓடினார்கள்.

சிலம்பாயியும் சத்தத்தைக் கேட்டாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு கோரையைப் பார்த்தாள். ஒரு நுனிகூட அசையவில்லை. காற்றே இல்லை. காற்றில்லாமல் நெற்று எப்படிச் சலசலக்கும்?

ஓடினாள். அவள் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. வாகை மரத்தடியில், நெற்றுக் கொத்து ஒன்றை வாயில் கவ்விக் குலுக்கிக்கொண்டு சாந்தமூர்த்தி உட்கார்ந்திருந்தான். சலசலப்புக்குப் புறாக்கள் ஓடுவதை அவன் முன்பே கவனித்து வைத்திருந்தான், காலை வரையில் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. இருவரும் நேரே அவன் முன்னால் போய் அண்ணாந்து நின்றார்கள். அவன் கொத்தைக் கீழே போட்டான். பாய்ந்தான்.

சிலம்பாயி குறுக்கே விழுந்தாள். அவன் பல்லில் அல்லி சிக்கவில்லை, சிலம்பாயியின் முதுகு சிக்கியது. அவள் கத்தினாள். அந்தக் கத்தல் அக்கரை ஆமையைத் தாண்டி, பனைமரத்தைத் தாண்டி, பாறைக் குகை வரைக்கும் போயிற்று. ஆனால் உதவி வருவதற்குள் உயிர் போய்விடும் போலிருந்தது. கண் இருட்டியது.

அப்போது படீரென்று ஓர் அடி விழுந்தது. சாந்தமூர்த்தியின் கண்ணிலேயே விழுந்தது. இன்னோர் அடி. மறுபடியும் ஓர் அடி. அடித்தது துரை! எப்போதும் அரையடி பின்னால் நிற்கும் அந்தப் பரமசாது, வெட்டுப்பட்ட இறக்கையை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தான். மனிதன் இறகைத்தான் வெட்டினானே தவிர, இறக்கையில் இருந்த எலும்பையும் பலத்தையும் வெட்டவில்லை. அல்லி மறுபக்கம் ஏறிக் காதைக் கொத்தினாள். சாந்தமூர்த்தி வலி தாங்காமல் வாயைத் திறந்தான். சிலம்பாயி உருண்டு வெளியே விழுந்தாள்.

அவன் சீறிக்கொண்டு மறுபடி பாய்வதற்குள் வேலப்பன் வந்துவிட்டான். முள்ளம்பன்றிக்குச் சண்டையில் முகம் காட்டும் வழக்கமில்லை. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடிவந்து மோதினான். சாந்தமூர்த்தி மூக்கு நிறைய முள்ளோடு ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். அவன் ஓடிய திசையில் ஊர் எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் சபை கூடியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நெட்டையார் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்குத் தெரியும், அவ்வளவு தன்மையாகப் பேசினானே என்று ஆரம்பித்தார்.

முதுகில் பச்சிலை அப்பியபடி சிலம்பாயி நின்றுகொண்டிருந்தாள். "அவன் பேசினதை எல்லாம் கேட்டீங்க. நான் கேட்டதுக்கு அவன் பதில் சொன்னானான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள்.

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. துரையையும் அல்லியையும் கூட்டிக்கொண்டு நேரே இலுப்பை மரத்துக்கு நடந்தாள். சபை முழுவதும் என்ன நடக்கிறதென்று பார்க்கப் பின்னாலேயே வந்தது. சாய்ந்த அடிமரத்தில் அவள் ஏறிப் பொந்துக்குள் நுழையப் போனபோது நெட்டையார் பதறினார். அது இன்னொருவர் வீடு, சபை அனுமதி கொடுக்கவில்லை, நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்றார்.

சிலம்பாயி உள்ளே போனாள். தரையெல்லாம் இலைமெத்தை. வழக்கம்போல் இரண்டு காலாலும் கிளறிக் கிளறி வெளியே தள்ளினாள். முதலில் சருகு விழுந்தது. பிறகு பச்சை இறகுகள் விழுந்தன. பெரியதும் சின்னதுமாக, குக்குறுவான் இறகுகள். நெட்டையார் காலடியிலேயே விழுந்தன. வெளியூர் போன குடும்பம் எங்கேயும் போகாமல் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நெட்டையார் அவற்றை வெகுநேரம் பார்த்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"அவன் வீடுன்னா அவனே திரும்பி வந்து கேட்கட்டும். நான் வாசல்லதான் இருப்பேன்" என்றாள் சிலம்பாயி.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. துரையும் அல்லியும் காய்ந்த பொந்துக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோரை வாசனை இல்லாமல் தூக்கமே வராத சிலம்பாயி, மழைக்காலம் முழுக்க அந்த மரத்தடிப் புதரிலேயே படுத்தாள். பொழுது சாய்ந்தால் வேலப்பன் பட்டுவோடு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவான். சாந்தமூர்த்தி வரவில்லை. விருந்தாளிப் பறவைகள் வந்தன. கரையில் நொண்டிக்கொண்டு திரிந்தவர்களை அவை கவனிக்கக்கூட இல்லை, அவற்றின் கவலை மீனைப் பற்றித்தான்.

மழை ஓய்ந்தது. வெட்டுப்பட்ட இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. புதிய இறகுகள் முளைத்து நீண்டன. சுண்டு முதல் குட்டிக்கரணம் போட்ட அன்று மைனாக் குடும்பம் போட்ட கூச்சலில் பனைமரமே ஆடியது. பட்டு பறப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. அவளுக்கு இன்னும் சரியாக முளைக்கவில்லை என்று வேலப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், முளைத்து எவ்வளவோ நாளான பிறகும்.

ஒரு நாள் காலையில் துரையும் அல்லியும் இலுப்பை மரத்தைச் சுற்றி வட்டமிட்டார்கள். வட்டம் பெரிதாயிற்று. பிறகு இருவரும் ஊர்ப்பக்கம் திரும்பிப் பறந்து, புள்ளியாகி, மறைந்துவிட்டார்கள்.

கொக்குகளின் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டாளே, கடைசியில் அந்த இறகு வெட்டினவன் வீட்டைத் தேடித்தானே போனார்கள் என்றன. நெட்டையார்கூட மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்று, தடுத்திருக்கலாமே என்றார்.

"அவங்க இறக்கை, அவங்க பறக்கறாங்க. பூட்டி வைக்கறதுக்கா நான் இவ்வளவு சண்டை போட்டேன்?" என்றாள் சிலம்பாயி. சொல்லிவிட்டு இரை தேடப் போனாள். அன்றைக்கு ஒரு புழுகூட அவள் தொண்டையில் இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேற்கே இரண்டு புள்ளிகள் தெரிந்தன. சாம்பல் நிறம். இந்தத் தடவை துரைதான் முன்னால் பறந்து வந்தான். இரண்டு பேரும் நேரே பொந்து வாசலில் இறங்கினார்கள்.

சிலம்பாயி வாலை வெடுக்கென்று ஆட்டினாள். கோபமாகப் பேசவேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள், திட்டு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பழைய வீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தோம், எங்கள் கூண்டு இருந்த மாடியில் இப்போது துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று அல்லி சொன்னாள்.

"அப்படின்னா அங்க இடம் இல்லாததால வந்தீங்களா?"

அதுவரை பேசியே அறியாத துரை வாயைத் திறந்தான். "இல்லக்கா. பொழுது சாஞ்சுது. வீட்டுக்கு வந்துட்டோம்" என்றான்.

அடைக்கலம் தேடி வந்த உயிரை, ஊர் அவசரப்படுத்துகிறது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இன்னொருவர் கையில் கொடுப்பது உதவி ஆகாது. ஊரே எதிர்த்தாலும் கேட்டுப் பார்த்துக் கொடுப்பதுதான் உதவி.